ஒரு பெரிய எண்ணைப் பிரித்து மேய்வது எப்படி? 123456789-ஐ முன்வைத்து ஒரு செயல்முறை

ஒன்பது இலக்க எண் ஒன்றைக் கொடுத்து அதன் பண்புகளைச் சொல்லச் சொன்னால், பெரும்பாலும் இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பதோடும் கணிப்பானில் வர்க்கமூலத்தைத் தட்டிப் பார்ப்பதோடும் வேலை நின்றுவிடும். எத்தனை வகுத்திகள், அவற்றின் கூடுதல் என்ன, அந்த எண்ணோடு பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை, இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத வருமா, வராதா? இவை வெவ்வேறு கேள்விகளாகத் தெரிந்தாலும் எல்லாவற்றுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. அது அந்த எண்ணின் பகாக் காரணிகள். காரணிகள் கைக்கு வந்துவிட்டால் மிச்சமெல்லாம் சில பெருக்கல்கள்தான். ஆகவே நேரத்தில் முக்கால் பங்கைக் காரணி கண்டுபிடிப்பதிலேயே செலவிடுங்கள்.

உதாரணத்துக்கு 123456789. பன்னிரண்டு கோடியே முப்பத்து நான்கு லட்சத்து ஐம்பத்தாறாயிரத்து எழுநூற்று எண்பத்தொன்பது. தாள், பேனா, பத்து இலக்கம் காட்டும் கணிப்பான் ஒன்று, 100 வரையுள்ள பகா எண்களின் பட்டியல், இவை போதும். எட்டு இலக்கக் கணிப்பானில் இந்த எண்ணையே முழுதாக உள்ளிட முடியாது.

சின்னக் காரணிகளைக் கழற்றுவது

கடைசி இலக்கம் 9. ஆகவே 2-ம் 5-ம் இல்லை. இலக்கங்களின் கூடுதல் 45, ஆகவே 9-ஆல் வகுபடும். (1 முதல் 9 வரை ஒவ்வொரு இலக்கமும் ஒருமுறை வரும்படி எப்படிக் கலைத்துப் போட்டாலும் கூடுதல் 45-தான். அப்படி உருவாகும் 362880 எண்களில் ஒன்றுகூடப் பகா எண் இல்லை என்பது இதிலிருந்தே தெரிந்துவிடுகிறது.) வகுத்தால் ஈவு 13717421. இதன் இலக்கக் கூடுதல் 26, ஆகவே இன்னொரு 3 கிடையாது. இந்த மறுசோதனையை விட்டுவிடுவது வழக்கமான தவறு. ஒரு காரணி கிடைத்ததும் அடுத்ததற்குத் தாவாமல், அதே காரணி ஈவிலும் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

7, 11, 13 மூன்றையும் ஒரே வீச்சில் பார்த்துவிடலாம், ஏனென்றால் 7 × 11 × 13 = 1001. எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டுங்கள்: 789 − 456 + 123 = 456. இந்த 456-ஐ வகுத்தால் 7-க்கு மீதி 1, 11-க்கு மீதி 5, 13-க்கு மீதி 1. மூன்றும் காரணியில்லை. ஒரு எச்சரிக்கை: லட்சம், கோடி முறையில் காற்புள்ளி இட்டால் இந்த எண் 12,34,56,789 என்று வரும். அந்தக் காற்புள்ளிகளைப் பார்த்துப் பிரித்தால் சோதனை தப்பாகிவிடும். இங்கே வேண்டியது 123 | 456 | 789.

அதே மூன்று துண்டுகளை வெறுமனே கூட்டினால் 37-க்கான சோதனை, ஏனென்றால் 999 = 27 × 37. 789 + 456 + 123 = 1368. மறுபடி 1 + 368 = 369. 37 × 9 = 333, மீதி 36. ஆகவே 37-ம் இல்லை.

17, 19, 23 போன்றவற்றுக்கு மனப்பாடச் சூத்திரங்கள் உண்டு. கடைசி இலக்கத்தை ஐந்தால் பெருக்கிக் கழி, இரண்டால் பெருக்கிக் கூட்டு என்று போகும். பெரிய எண்ணுக்கு அவை வேலையைக் குறைப்பதில்லை, தப்புகளைத்தான் கூட்டுகின்றன. அதைவிட நல்ல வழி, பல பகா எண்களின் பெருக்கற்பலனால் ஒரே தடவை வகுத்து, வரும் சின்ன மீதியைச் சோதிப்பது. 17 × 19 × 23 = 7429. 13717421-ஐ இதனால் வகுத்தால் ஈவு 1846, மீதி 3487. இனி நான்கு இலக்கக் கணக்குதான்: 3487-ஐ 17-ஆல் வகுக்க மீதி 2, 19-ஆல் 10, 23-ஆல் 14. ஒன்றும் பூச்சியமில்லை. அடுத்து 29 × 31 = 899. மீதி 479. அதை 29-ஆல் வகுக்க மீதி 15, 31-ஆல் வகுக்க 14. இவையும் இல்லை.

கணிப்பானில் மீதி காணும்போது வழக்கமாக நேரும் கோளாறு ஒன்று உண்டு. வகுத்து, முழுப்பகுதியைக் கழித்து, தசமப் பகுதியை வகுஎண்ணால் பெருக்கினால் மீதி வரும். ஆனால் திரையில் 14 வர வேண்டிய இடத்தில் 13.9997 என்று வரலாம். அதைக் கீழ்ப்பக்கம் முழுமையாக்கி 13 என்று எழுதிவிட்டால் போச்சு. தசமத்தை நம்பாமல், ஈவின் முழுப்பகுதியை வகுஎண்ணால் பெருக்கி மூல எண்ணிலிருந்து கழியுங்கள். மீதி முழு எண்ணாகவே வரும்.

எதுவரை போக வேண்டும்? மிச்சமுள்ள எண்ணின் வர்க்கமூலம் வரை. மூல எண்ணின் வர்க்கமூலம் வரை அல்ல. 123456789-க்கு அது 11111-ஐ ஒட்டி வரும், 13717421-க்கு 3703-தான். 9-ஐக் கழற்றிய உடனே எல்லை மூன்றில் ஒன்றாகிவிட்டது. இருந்தாலும் 3703 வரை 500-க்கும் மேற்பட்ட பகா எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டு போவது தண்டனை. இந்த இடத்தில் வழியை மாற்ற வேண்டும்.

ஃபெர்மாவின் வர்க்க வித்தியாச முறை

ஒற்றை எண் ஒன்று இரண்டு காரணிகளின் பெருக்கலாக இருந்தால் அதை a² − b² என்று எழுதலாம். அது (a − b)(a + b) ஆகிவிடும். இரண்டு காரணிகளும் கிட்டத்தட்டச் சம அளவில் இருந்தால் b சிறியதாக இருக்கும், a வர்க்கமூலத்துக்குப் பக்கத்திலேயே கிடைக்கும். 1643-இல் பியர் டி ஃபெர்மா இந்த முறையை 2027651281 என்ற எண்ணில் காட்டினார். 45030-இல் தொடங்கிப் பன்னிரண்டாவது படியில், 45041² − 1020² என்று வந்து, 44021 × 46061 கிடைத்தது. வகுத்துப் பார்த்தே போயிருந்தால் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பகா எண்களைத் தாண்ட வேண்டியிருந்திருக்கும்.

நம் எண்ணுக்குச் செய்து பார்ப்போம். 13717421-இன் வர்க்கமூலம் 3703.7. அடுத்த முழு எண் 3704. 3704² = 13719616. கழித்தால் 2195. இது வர்க்கமா? வர்க்க எண்ணின் கடைசி இரு இலக்கங்கள் 22 வகையில்தான் அமையும்: 00, 01, 04, 09, 16, 21, 24, 25, 29, 36, 41, 44, 49, 56, 61, 64, 69, 76, 81, 84, 89, 96. இந்தப் பட்டியலைத் தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டால் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வர்க்கமூலம் போடாமலே தள்ளிவிடலாம். 95 பட்டியலில் இல்லை, தள்ளு. அடுத்து 3705² = 13727025, கழித்தால் 9604. அது 98². இரண்டே படியில் முடிந்துவிட்டது: 3705 − 98 = 3607, 3705 + 98 = 3803.

பெருக்கிச் சரிபாருங்கள்: 3607 × 3803 = 13717421.

9-ஐக் கழற்றாமல் நேரே 123456789-இல் தொடங்கியிருந்தாலும் நாலே படிதான். 11112² − 123456789 = 19755. ஒவ்வொரு படியிலும் புதிதாக வர்க்கம் போட வேண்டாம். a-இலிருந்து a + 1-க்குப் போகும்போது வித்தியாசம் 2a + 1 கூடும். ஆகவே 19755 + 22225 = 41980, பிறகு 22227-ஐக் கூட்ட 64207, பிறகு 22229-ஐக் கூட்ட 86436. 55, 80, 07 என்ற முடிவுகள் பட்டியலில் இல்லை. 36 இருக்கிறது, 86436 = 294². விடை 11115² − 294² = 10821 × 11409. இவை இரண்டும் 3-ஆல் வகுபடுவதால் மேலே கண்ட அதே காரணிகள் வந்து நிற்கும். கூட்ட வேண்டிய எண் படிக்குப் படி 2 கூடுவதை மறந்து அதே 22225-ஐத் திரும்பத் திரும்பக் கூட்டினால் எத்தனை படி போனாலும் விடை வராது. ஐந்து படிக்கு ஒருமுறை நேரடியாக வர்க்கம் போட்டு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

இந்த முறை எல்லா எண்ணுக்கும் கைகொடுக்காது. இலக்கங்களைத் திருப்பிப் போட்டுக் கிடைக்கும் 987654321-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 9-ஐக் கழற்றினால் 109739369. அதன் காரணிகள் 17² × 379721. வகுத்துப் பார்த்தால் 17 உடனே கிடைத்துவிடும். ஆனால் ஃபெர்மா முறையில் 10476-இல் தொடங்கி 190005 வரை போக வேண்டும், கிட்டத்தட்ட ஒரு லட்சத்து எண்பதாயிரம் படிகள். காரணிகள் ஒன்றுக்கொன்று தூரமாக இருப்பதுதான் காரணம். ஆகவே கையால் செய்பவருக்கு நான் சொல்லும் வரிசை இது: முதலில் 37 அல்லது 41 வரை வகுத்துப் பாருங்கள், பிறகு ஃபெர்மா முறையில் இருபது படி போங்கள், அதிலும் கிடைக்கவில்லையென்றால் மறுபடி வகுத்தலுக்குத் திரும்புங்கள். (ஆர்எஸ்ஏ மறையாக்கத்தில் சாவிக்குத் தேர்ந்தெடுக்கும் இரண்டு பகா எண்களுக்கு நடுவே போதிய இடைவெளி வேண்டும் என்று தர விதிகள் சொல்வதற்கும் இதுதான் காரணம். பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், நூற்றுக்கணக்கான இலக்கங்கள் இருந்தாலும் ஃபெர்மா முறை உடைத்துவிடும்.)

கிடைத்தவை பகா எண்கள்தானா?

காரணி கிடைத்த மகிழ்ச்சியில் பலர் தாண்டிப்போகும் படி இது. 3607, 3803 இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். 3607-க்கு எல்லை 60, 3803-க்கு 61. நல்ல வேளையாக, ஏற்கெனவே செய்த வேலை இங்கே மிச்சமாகிறது. பெருக்கற்பலனான 13717421-ஐ 37 வரை எந்தப் பகா எண்ணும் வகுக்கவில்லையென்றால் அதன் காரணிகளையும் வகுக்காது. ஆகவே 41-இல் தொடங்கினால் போதும். 3607-ஐ 41, 43, 47, 53, 59 ஆகியவற்றால் வகுக்க மீதி முறையே 40, 38, 35, 3, 8. 3803-ஐ அதே ஐந்தாலும் 61-ஆலும் வகுக்க மீதி 31, 19, 43, 40, 27, 21. எங்கும் பூச்சியமில்லை. இரண்டும் பகா எண்களே.

ஆகவே 123456789 = 3² × 3607 × 3803. இனி இந்த ஒரு வரியிலிருந்து எல்லாவற்றையும் வாசிக்கலாம்.

அந்த ஒரு வரியிலிருந்து வருபவை

வகுத்திகளின் எண்ணிக்கை: ஒவ்வொரு அடுக்கிலும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள். 3 × 2 × 2 = 12. அவை 1, 3, 9, 3607, 3803, 10821, 11409, 32463, 34227, 13717421, 41152263, 123456789.

வகுத்திகளின் கூடுதல்: (1 + 3 + 9) × (1 + 3607) × (1 + 3803) = 13 × 3608 × 3804 = 178422816. 9-ஐ ஒரு பகா எண் போல நினைத்து 1 + 9 = 10 என்று போடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. நடுவில் உள்ள 3-ஐ விட்டுவிடக்கூடாது. எண்ணையே கழித்துவிட்டால் மற்ற பதினொரு வகுத்திகளின் கூடுதல் 54966027. இது மூல எண்ணைவிடச் சிறியது, ஆகவே 123456789 ஒரு குறை எண். ஒற்றை எண்களில் பெரும்பாலானவை அப்படித்தான். தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூடுதல் தன்னை மிஞ்சும் மிகச் சிறிய ஒற்றை எண்ணே 945-இல்தான் வருகிறது.

1 முதல் அந்த எண் வரை, அதோடு பொதுக் காரணி இல்லாத எண்களின் எண்ணிக்கையை ஆய்லரின் சார்பு தரும். பகா எண் p-க்கு p − 1, p²-க்கு p × (p − 1). இங்கே 3² தருவது 6, மற்றவை 3606, 3802. பெருக்கினால் 82260072. இங்கேயும் 9-க்கு 8 என்று எழுதிவிட்டால் விடை 109680096 என்று எகிறிவிடும். ஒரு தோராயச் சோதனை தப்பைக் காட்டிக்கொடுக்கும்: 3-ஆல் வகுபடும் எண்களை நீக்கினாலே மூன்றில் இரண்டு பங்குதான் மிஞ்சும், ஆகவே விடை 82304526-ஐத் தாண்டவே முடியாது.

வர்க்க எண்ணா என்றால், இல்லை. 3607-ம் 3803-ம் ஒற்றை அடுக்கில் நிற்கின்றன. வர்க்கமாக்க வேண்டுமென்றால் 13717421-ஆல் பெருக்க வேண்டும். அப்போது 41152263² கிடைக்கும்.

இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி (மீ.பொ.கா.) காண மட்டும் காரணி தேவையில்லை, யூக்ளிட் முறை போதும். 987654321-ஐ 123456789-ஆல் வகுத்தால் ஈவு 8, மீதி 9. அந்த 9 இந்த எண்ணை மீதியின்றி வகுக்கிறது. ஆகவே மீ.பொ.கா. 9. இரண்டே வரி.

வர்க்கங்களின் கூடுதலும் வித்தியாசமும்

இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத வருமா? 4-ஆல் வகுத்து மீதி 1 வந்தால் வரும் என்று ஒரு நினைப்பு பரவலாக இருக்கிறது. அது பகா எண்களுக்கு மட்டுமே பொருந்தும் விதி. 123456789-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1-தான். ஆனாலும் வராது. சரியான சோதனை காரணிகளில் இருக்கிறது: 4-ஆல் வகுக்க மீதி 3 தரும் பகாக் காரணி ஒவ்வொன்றும் இரட்டை அடுக்கில் இருக்க வேண்டும். 3 இரட்டை அடுக்கில் இருக்கிறது, பரவாயில்லை. 3607-ம் 3803-ம் மீதி 3 தருபவை, ஒற்றை அடுக்கில் நிற்பவை. இரண்டு 3-கள் பெருகி மீதி 1 ஆனதுதான் ஏமாற்றியது.

மூன்று வர்க்கங்கள் என்றால் வரும். 8-ஆல் வகுக்க மீதி 7 வரும் எண்களும், அவற்றை 4-இன் அடுக்குகளால் பெருக்கிக் கிடைப்பவையும் மட்டுமே மூன்றுக்குள் அடங்காதவை. கடைசி மூன்று இலக்கமான 789-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 5. நான்கு வர்க்கங்கள் எந்த எண்ணுக்கும் போதும் என்பது லக்ராஞ்சு 1770-இல் நிறுவிய தேற்றம்.

இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதுவது எளிது. ஒற்றை எண், வர்க்கமும் இல்லை, ஆகவே வகுத்தி இணைகளின் எண்ணிக்கைதான் விடை: 12-இல் பாதி, 6 வழிகள். 11115² − 294² அவற்றில் ஒன்று, 61728395² − 61728394² இன்னொன்று. அடுத்தடுத்த எண்களின் கூடுதலாக எழுதும் வழிகள், ஒற்றை வகுத்திகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு, அதாவது 11. வகுத்தி 9 என்றால் 13717421-ஐ நடுவில் வைத்து 13717417 முதல் 13717425 வரை ஒன்பது எண்கள். வகுத்தி 3607 என்றால் 32424 முதல் 36030 வரை.

இரும வடிவம்

2-ஆல் வகுத்துக்கொண்டே போனால் 27 வகுத்தல்கள். 16-ஆல் வகுத்தால் ஏழே படி: மீதிகள் 5, 1, 13, 12, 11, 5, 7. கீழிருந்து மேலாக எடுத்து ஒவ்வொன்றையும் நான்கு இலக்க இரும எண்ணாக எழுதுங்கள்: 0111 0101 1011 1100 1101 0001 0101. முன்னால் உள்ள ஒரு பூச்சியத்தை மட்டும் நீக்கலாம். நடுவில் வரும் 0001-ஐ 1 என்று சுருக்கிவிட்டால் எண்ணே மாறிவிடும். சரிபார்க்க, கடைசி மூன்று இலக்கம் 101, அதாவது 5. 8-ஆல் வகுத்தபோது வந்த மீதியும் 5. மொத்தம் 27 இலக்கங்கள், அவற்றில் ஒன்றுகள் 16.

கணினியில் செய்யும்போது

பத்து இலக்கத்தைத் தாண்டினால் கணினிதான். அங்கே முதல் பொறி, எண்ணை அது முழுதாக வைத்துக்கொள்கிறதா என்பது. எக்செல் 15 இலக்கங்களை மட்டுமே காப்பாற்றும். 12345678901234567 என்று தட்டினால் 12345678901234500 ஆகிவிடும், அதன் பிறகு வரும் வகுபடும் சோதனை எல்லாம் வேறொரு எண்ணுக்கு. ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் வகை 9007199254740992 வரை, அதாவது 2-இன் 53-ஆம் அடுக்கு வரை, ஒவ்வொரு முழு எண்ணையும் பிசகாமல் வைத்துக்கொள்ளும். அதற்கு அடுத்த எண்ணைக் கொடுத்தால் அதையும் 9007199254740992 என்றே காட்டும். பைத்தானில் முழு எண்ணுக்கு எல்லை இல்லை, ஆனால் வர்க்கமூலத்துக்குத் தசமச் சார்பைக் கூப்பிட்டால் அங்கே துல்லியம் போய்விடும். முழு எண் வர்க்கமூலச் சார்பைத்தான் பயன்படுத்த வேண்டும்.

காரணி தேடத் தொடங்குவதற்கு முன் அது பகா எண்ணா என்று ஒருமுறை சோதித்துவிடுங்கள். கையால் செய்யும்போது இதற்கு இருபதுக்கு மேல் வர்க்கப் பெருக்கல்கள் ஆகும் என்பதால் மேலே தவிர்த்தோம். கணினிக்கு அது கண்சிமிட்டும் நேரம். ஆனால் 2-இன் (n − 1)-ஆம் அடுக்கை n-ஆல் வகுத்து மீதி 1 வருகிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. 341 = 11 × 31. இருந்தும் 2¹⁰ = 1024 = 3 × 341 + 1 என்பதால் 2-இன் 340-ஆம் அடுக்கும் மீதி 1 தந்து, பகா எண் போல வேஷம் போடும். மில்லர்–ரேபின் சோதனையை 2, 3, 5, 7 என்ற நான்கு அடிமானங்களுக்கும் செய்தால், 3215031751-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் விடை ஐயமற்றது. அந்த எண்தான் நான்கையும் ஏமாற்றும் முதல் பகு எண். 2 முதல் 37 வரையுள்ள பன்னிரண்டு பகா எண்களையும் அடிமானமாக எடுத்தால் 64 பிட்டில் அடங்கும் எல்லா எண்களுக்கும் போதும்.

பகு எண் என்று உறுதியான பிறகு, இருபது இலக்கம் வரை லினக்ஸில் உள்ள ஃபேக்டர் கட்டளை நொடியில் காரணிகளைத் தந்துவிடும். இலக்கம் கூடக் கூட வேலை மலையாகிவிடும். ஆர்எஸ்ஏ-250 என்ற 250 இலக்க எண் 2020-இல்தான் உடைபட்டது. அந்த அளவில், சோதனை "பகு எண்" என்று சொல்லிவிட்ட பிறகும் வகுத்திகளின் எண்ணிக்கையோ கூடுதலோ கைக்கு எட்டாமலே நிற்கலாம்.